கேட்டதற்குச் சிறை, சொன்னதற்குச் சாவு
நாஸி ஜேர்மனியில் வெளிநாட்டு வானொலி கேட்டவர்களின் வரலாறு

1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பற்றரிகளும் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலிற் சேர்ந்தன. ஆயினும் செய்தி கேட்கும் வழக்கம் நின்றுவிடவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைக் கையாற் சுற்ற, டைனமோ தரும் மின்சாரத்தில் வானொலிப் பெட்டி உயிர்பெறும். லண்டன் தமிழோசையோ மணிலாவின் வெரித்தாஸ் வானொலியோ வரும் வேளையில் முற்றத்திற் கூடியிருப்போர் பேச்சை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொள்வர். சுற்றுபவரின் கை ஓய்ந்தாற் குரலும் ஓய்ந்துபோகும். இப்பத்திரிகையின் வாசகர்களுள் அந்தப் பெடலைச் சுற்றியவர்கள் பலர் இருப்பர்.

அங்கே செய்தி வரும் வழிகள் அடைக்கப்பட்டிருந்தன. எனினும் வெளிநாட்டு வானொலியைக் கேட்பதே குற்றம் என்று சட்டம் இருக்கவில்லை. கேட்பதையே குற்றமாக்கி, கேட்டதை அயலவருக்குச் சொன்னவரைக் கொலைக்களத்துக்கு அனுப்பிய அரசொன்று ஐரோப்பாவின் நடுவே இருந்தது. எம்மவர் பல்லாயிரவர் தஞ்சம் புகுந்து வாழும் ஜேர்மனியே அந்த நாடு. அங்கு நடந்தவற்றை நாம் அறிந்துவைத்திருப்பது நன்று. ஏனெனில் இது கேட்டவர்களின் வரலாறு மாத்திரமன்று; எல்லைக்கு அப்பாலிருந்து பேசிய அகதிகளின் வரலாறுமாகும்.

மக்களுக்கு ஒரு பெட்டி

1933 ஜனவரி 30ஆம் திகதி ஹிட்லர் ஆட்சிபீடம் ஏறினார். பிரசார அமைச்சராக வந்த கோயபெல்ஸ், பத்திரிகையிலும் பார்க்க வானொலியே மக்களின் மனத்தை விரைவாகப் பிடிக்கும் என நம்பியவர். வீட்டுக்கொரு வானொலி இருந்தால், வீட்டுக்குள்ளேயே அரசின் குரலை வைத்துவிடலாம் என்பது அவரது கணக்கு. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் பேர்லினில் நடந்த வானொலிக் கண்காட்சியில் 'மக்கள் வானொலி' அறிமுகமாயிற்று. அதற்கு இடப்பட்ட இலக்கம் 301. ஹிட்லர் பதவியேற்ற முப்பதாம் திகதியையும் முதலாம் மாதத்தையும் சேர்த்து அமைத்த இலக்கம் அது. விலை 76 மார்க். 1938இல் அதனிலும் சிறியதொரு பெட்டி 35 மார்க்குக்கு வந்தது. சனங்கள் அதற்குக் 'கோயபெல்ஸின் மூஞ்சி' என்று தமக்குள் பட்டப்பெயர் வைத்துக்கொண்டனர்.

1933இல் 40 இலட்சத்தைச் சற்றே தாண்டியிருந்த வானொலி உரிமங்களின் தொகை, போர் தொடங்கும் வேளையில் ஒரு கோடியைக் கடந்தது. ஆனால் வானலைகளுக்கு எல்லைக் காவல் இல்லை. அரசின் குரலைக் கொண்டுவந்த அதே பெட்டி, இரவு வேளைகளில் முள்ளைச் சற்றே நகர்த்தினால் அயல்நாட்டுக் குரலையும் கொண்டுவந்தது. 1938 செப்டெம்பர் 27ஆம் திகதி, ஐரோப்பா போரின் விளிம்பில் நின்ற வேளையில், லண்டன் பி.பி.சி. ஜேர்மன் மொழியிற் பேசத் தொடங்கியது.

செப்டெம்பர் முதலாம் நாளின் சட்டம்

1939 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜேர்மன் படைகள் போலந்துக்குள் நுழைந்தன. அதே திகதியிட்டு வானொலி பற்றிய அவசரகாலச் சட்டமொன்றும் ஆக்கப்பட்டது. அதன் முதற் பிரிவு, அந்நிய வானொலியை வேண்டுமென்றே கேட்பதைக் குற்றமாக்கியது. தண்டனை கடுங்காவற் சிறை, பெட்டியும் பறிமுதலாகும். இரண்டாம் பிரிவு இன்னும் கொடியது. அந்நிய வானொலியிற் கேட்டதை, ஜேர்மன் மக்களின் எதிர்த்து நிற்கும் வலிமையைக் குலைக்கக்கூடிய விதத்தில் மற்றவர்களுக்குப் பரப்பினாற் கடுங்காவல். பாரதூரமான குற்றமாயின் மரணம். வழக்குத் தொடுக்கும் முடிவு கெஸ்டாப்போ எனப்பட்ட இரகசியப் பொலிசின் கையில் இருந்தது. இச்சட்டம் காட்டிக்கொடுப்புக்குக் கதவைத் திறந்துவிடும் என்று ஹிட்லரின் சொந்த நீதி அமைச்சர் கியூர்ட்னரே ஆட்சேபித்தார். ஆட்சேபம் எடுபடவில்லை.

யூத மக்களுக்குக் கேட்கும் வாய்ப்பே விட்டுவைக்கப்படவில்லை. அதே மாதம் 23ஆம் திகதி, அவர்களின் மிகப் புனிதமான நோன்பு நாளன்று, வானொலிப் பெட்டிகளை ஒப்படைக்குமாறு அவர்களுக்கு உத்தரவிடப்பட்டது.

ஏனையோரின் பெட்டிகளில் எச்சரிக்கை அட்டைகள் தொங்கின. அந்நிய வானொலியைக் கேட்பது தேசப் பாதுகாப்புக்கு எதிரான குற்றம், தலைவரின் ஆணைப்படி கடுஞ்சிறை கிடைக்கும் என்று திருகியில் தொங்கிய அந்த அட்டை நினைவூட்டிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு குடியிருப்புத் தொகுதிக்கும் கட்சியின் பொறுப்பாளர் ஒருவர் இருந்தார். யார் வீட்டுக்கு யார் வருகிறார், கொடியேற்றாதவர் யார் என்று பார்ப்பது அவரின் வேலை. ஆயினும் பொலிசுக்குக் கிடைத்த தகவல்களிற் பெரும்பகுதி அவரிடமிருந்து வந்ததன்று. பக்கத்து வீட்டுக்காரரும், உடன் வேலை செய்தவரும், சில வேளைகளில் வீட்டுக்குள் இருந்தவர்களுமே காட்டிக்கொடுத்தனர். வேலிச் சண்டைக்கும் குடும்பப் பகைக்கும் பழிதீர்க்க, "இவர் லண்டன் கேட்கிறார்" என்ற ஒரு சொற் போதுமாயிருந்தது.

போர்வைக்குள் ஒரு குரல்

இத்தனைக்குப் பின்னரும் சனங்கள் கேட்டனர். கதவைத் தாழிட்டனர். பிள்ளைகள் உறங்கும்வரை காத்திருந்தனர். பள்ளிக்கூடத்தில் பிள்ளை வாய்தவறிச் சொல்லிவிட்டால் வீடே அழிந்துபோகும். பின்னர் பெட்டியின் முன் அமர்ந்து, பெட்டியையும் தலையையும் சேர்த்துக் கம்பளிப் போர்வையால் மூடிக்கொண்டனர். ஜேர்மன் அரசு அந்த அலைவரிசைகளின் மேல் இரைச்சலை எழுப்பிக் குழப்பிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலினூடே ஒரு முரசொலி வரும்: மூன்று குற்றொலி, ஒரு நெட்டொலி. தந்திக் குறியீட்டில் அது வெற்றியைக் குறிக்கும் எழுத்து. பேதோவனின் ஐந்தாவது சிம்பனியின் தொடக்கமும் அதே தாளந்தான். முரசின் தாழ்ந்த ஒலி இரைச்சலை ஊடறுத்து வரவல்லது என்பதாலும் அது வாய்ப்பாயிற்று. கேட்டு முடிந்ததும் முள்ளை மறவாது உள்நாட்டு நிலையத்துக்குத் திருப்பிவைக்கவேண்டும். திடீரெனச் சோதனை வந்தால், முள் நிற்கும் இடமே சாட்சியாகிவிடும்.

எதற்காக இவ்வளவு ஆபத்தை ஏற்றனர்? அரசியல் விருப்பம் ஒரு காரணம். ஆனால் பல குடும்பங்களுக்கு அதனிலும் நெருக்கமான காரணம் ஒன்று இருந்தது. பிடிபட்ட ஜேர்மன் சிப்பாய்களின் பெயர்களை லண்டன் வானொலியும் மொஸ்கோ வானொலியும் வாசித்தன. மகன் காணாமற்போயிருந்த வீட்டுக்கு அந்தப் பெயர்ப் பட்டியலை விடப் பெரிய செய்தி வேறென்ன? பட்டியலைக் கேட்ட முன்பின் அறியாதவர்களே, சிறையையும் பொருட்படுத்தாமற் பெற்றோருக்குப் பெயரிடாத கடிதம் எழுதிப் போட்ட சம்பவங்கள் உண்டு.

அந்நாட்களில் வாய்மொழியாகப் பரவிய கதையொன்று இது. போரில் மகன் இறந்துவிட்டதாக ஒரு தாய்க்கு அறிவித்தல் வருகின்றது. தேவாலயத்தில் நினைவுத் திருப்பலிக்கு ஒழுங்கு செய்கிறாள். குறித்த நாளில் ஊரவர் ஒருவரும் வரவில்லை. முந்திய இரவு லண்டன் வானொலி வாசித்த கைதிகளின் பட்டியலில் அவளது மகனின் பெயர் இருந்ததை எல்லோரும் கேட்டிருந்தனர். கேட்டதாகச் சொல்ல முடியாது. உயிரோடிருப்பவனுக்குத் திருப்பலிக்கு வரவும் மனமில்லை. வராமல் இருந்தே அவர்கள் அத்தாய்க்குச் செய்தி சொன்னார்கள். கதையின் ஒவ்வொரு விபரமும் இவ்வாறே நடந்ததோ இல்லையோ, எத்தனை வீடுகளின் ஏக்கம் அதைப் பரப்பியது என்பது விளங்கும். காணாமற்போன பிள்ளையின் பெயருக்காகக் காத்திருப்பது எத்தகையது என எம்மவருக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

பேசியவர்கள் யார்?

லண்டனிலிருந்து ஜேர்மன் மொழியில் ஒலித்த நிகழ்ச்சிகளின் பின்னணியில் அகதிகள் பலர் இருந்தனர். வியன்னாவைச் சேர்ந்த றொபேர்ட் லூக்காஸ் 1934இலேயே நாட்டைவிட்டு வெளியேறியவர். அவர் எழுதிய நிகழ்ச்சியில், ஹிர்ன்ஷால் என்னும் சாதாரணச் சிப்பாய் தன் மனைவிக்குப் போர்முனையிலிருந்து கடிதம் எழுதுவான். தலைவரைப் புகழ்வது போலவே ஒவ்வொரு வரியும் இருக்கும். கேட்பவருக்கோ சிரிப்புப் பொத்துக்கொண்டு வரும். புரூனோ அட்லர் எழுதிய நாடகத் தொடரில், பேர்லின் குடும்பப் பெண்ணான வேர்னிக்கே அம்மையார் பங்கீட்டு அட்டையைப் பற்றியும் கடை வரிசையைப் பற்றியும் ஓயாது முறையிடுவார். அந்தப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த அன்னமாரி ஹாசே, பேர்லின் மேடைகளிற் புகழ்பெற்றிருந்து, யூதர் என்பதால் நாடிழந்த நடிகை.

இவ்வகதிகளைப் புகலிட நாடு எப்போதும் அன்போடு நடத்தியது என எண்ணிவிடக்கூடாது. 1940 கோடைகாலத்தில், ஹிட்லரிடமிருந்து தப்பிவந்தவர்கள் உட்பட இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட ஜேர்மனியரையும் ஒஸ்திரியரையும் 'எதிரி நாட்டவர்' என்று பிரித்தானியா தடுப்பு முகாம்களில் அடைத்தது. தாய்நாட்டில் துரோகி, தஞ்சம் புகுந்த நாட்டிற் சந்தேகத்துக்குரியவர் என்ற அந்த இரட்டை நிலை எமக்கும் தெரியாததன்று.

அக்குரல்களுள் மிகப் புகழ்பெற்றது தோமஸ் மான் என்னும் எழுத்தாளருடையது. 1929இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். 1933இல் நாடு நீங்கியவரின் குடியுரிமையை 1936இல் நாஸி அரசு பறித்தது. அமெரிக்காவில் வாழ்ந்த அவர் 1940 ஒக்டோபர் முதல், பெரும்பாலும் மாதம் ஒரு முறை, 'ஜேர்மன் நேயர்களே' என விளித்துப் பேசினார். முதலில் அவர் எழுதி அனுப்பியதை லண்டனில் வேறொருவர் வாசித்தார். 1941 வசந்தகாலம் முதல் அவரது குரலே ஒலித்தது. லொஸ் ஏஞ்சல்சில் இசைத்தட்டிற் பதிவாகி, நியூயோர்க்குக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து தொலைபேசி வழியாக லண்டனை அடைந்து, மீண்டும் பதிவாகி, அதன் பின்னரே வானலையேறியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட உரைகள் அவ்வாறு சென்றன.

1942 மார்ச் மாத இறுதியிற் பிரித்தானிய விமானங்கள் அவரது பிறந்த ஊரான லூபெக் நகரைக் குண்டுவீசி எரித்தன. அவருடைய பாட்டன் பாட்டி வாழ்ந்த வீடும் அதில் அழிந்தது. அடுத்த மாத உரையில் அவர் அதை மறைக்கவில்லை. தன் மனவேதனையையும் மறைக்கவில்லை. ஆனால் ஜேர்மன் விமானங்கள் முன்னர் எரித்த கொவென்ட்றி நகரையும் தன் நேயர்களுக்கு நினைவூட்டினார். யூத மக்கள் நச்சுவாயுவினாற் கொல்லப்படுவதையும் அவர் அந்த ஆண்டிலேயே வானொலியிற் சொன்னார். 1942 டிசெம்பர் 17ஆம் திகதி, யூத இனம் அழிக்கப்படுகின்றது என்ற நேச நாடுகளின் கூட்டறிக்கை பிரித்தானியப் பாராளுமன்றத்தில் வாசிக்கப்பட்டு வானொலியிலும் அறிவிக்கப்பட்டது. போர் முடிந்த பின்னர் "எமக்கு எதுவும் தெரியாது" என்று சொன்னவர்களுள், போர்வைக்குள் இருந்து இவற்றைக் கேட்டவர்களும் இருந்திருப்பர்.

தோல்வியைச் சொன்னதால் வந்த நம்பிக்கை

எதிரி நாட்டின் வானொலியை எதற்காக நம்பவேண்டும்? இக்கேள்வி ஜேர்மன் மக்களுக்கும் இருந்தது. அதற்கு விடையளித்தவர் பி.பி.சி. ஜேர்மன் சேவைக்குப் பொறுப்பாயிருந்த ஹியூ கார்ள்டன் கிறீன். போருக்கு முன் பேர்லினிற் செய்தியாளராக இருந்து 1939இல் வெளியேற்றப்பட்டவர். பிரித்தானியா தோற்றால் தோற்றது என்றே சொல்லவேண்டும் என்பது அவரது கொள்கை. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. யூன் மாதத்தில் வட ஆபிரிக்காவின் தொப்றுக் வீழ்ந்தது. இரண்டையும் லண்டன் சொன்னது. தன் தோல்வியைத் தானே சொல்பவன், நாளை வெற்றியென்று சொன்னால் அதையும் நம்பலாம் என்று கேட்பவர் நினைப்பர் என்பதே கணக்கு. 1943 பெப்ரவரியில் ஸ்டாலின்கிராட்டில் ஜேர்மன் படை அழிந்தபோது, அந்தக் கணக்குச் சரியாயிற்று. உள்நாட்டு வானொலி வெற்றி வெற்றி என்று முழங்கியதை நம்பியிருந்தவர்களும் முள்ளை நகர்த்தத் தொடங்கினர்.

கிறீன் இன்னுமொன்றும் செய்தார். 1942இல் நடுநிலை நாடாகிய சுவீடனுக்குச் சென்று, குழப்பொலியினூடே தமது ஒலிபரப்பைத் தாமே கேட்டுப்பார்த்தார். இரைச்சலை மீறிக் கேட்கவேண்டுமாயின் குரல் தெளிவாகவும், வாக்கியம் சிறிதாகவும், மொழி எளிதாகவும் இருக்கவேண்டும் என்று அறிந்து திரும்பினார். கேட்பவரின் இடத்தில் தானும் ஒருமுறை அமர்ந்து பார்த்த ஒலிபரப்பாளர் அவர்.

பிரித்தானியர் எல்லோரும் உண்மையையே பேசினர் என்று நாம் எழுதினால் அது பிழையாகிவிடும். ஜேர்மன் நிலையங்கள் போல வேடமிட்டு, உண்மையோடு பொய்யைக் கலந்து ஒலித்த இரகசிய வானொலிகளையும் அவர்கள் நடத்தினர். ஆனால் அவற்றை பி.பி.சி.யின் பெயரால் நடத்தவில்லை.

ஹம்பேர்க் நகரின் பதினேழு வயது

ஹெல்முத் ஹியூபனர் 1925இல் ஹம்பேர்க்கிற் பிறந்தவன். நகர நிர்வாகத்தில் எழுதுவினைஞர் வேலை பழகிக்கொண்டிருந்தான். 1941இல் அவனது சகோதரர் பிரான்சிலிருந்து கொண்டுவந்திருந்த சிற்றலை வானொலியில் இரவு வேளைகளில் லண்டனைக் கேட்கலானான். ஜேர்மன் அறிக்கையையும் லண்டன் அறிக்கையையும் பக்கத்திற் பக்கம் வைத்து ஒப்பிட்டான். கேட்டதைத் தனக்குள் வைத்திருக்க அவனால் இயலவில்லை. தன் தேவாலயத்தின் தட்டச்சுப் பொறியில் துண்டுப்பிரசுரங்களைத் தட்டினான். ஏறத்தாழ அறுபது வெவ்வேறு பிரசுரங்கள். நண்பர்களான கார்ள்-ஹைன்ஸ் ஷ்னிப்பேயும் றூடி வோபேயும் அவற்றைத் தொலைபேசிக் கூண்டுகளிலும் கடிதப் பெட்டிகளிலும் வைத்தனர்.

பிரெஞ்சுப் போர்க்கைதிகளுக்காக அவற்றை மொழிபெயர்க்க ஆள் தேடியதே வினையாயிற்று. 1942 பெப்ரவரி 5ஆம் திகதி கைதானான். ஓகஸ்ட் 11ஆம் திகதி, 'மக்கள் நீதிமன்றம்' எனப்பட்ட மன்றம் அவனுக்கு மரண தண்டனை விதித்தது. வோபேக்குப் பத்து ஆண்டுகள், ஷ்னிப்பேக்கு ஐந்து ஆண்டுகள். ஒக்டோபர் 27ஆம் திகதி மாலை பேர்லினின் பிளெற்சன்சே சிறையிற் ஹெல்முத்தின் தலை வெட்டப்பட்டது. அப்போதும் வயது பதினேழுதான். கேட்டது மாத்திரமாயின் அவன் சிறையோடு தப்பியிருக்கக்கூடும். கேட்டதைப் பிறருக்குச் சொன்னதே அவன் உயிரை வாங்கியது.

மதிலுக்குள்ளும் மறைவிடத்திலும்

போலந்தின் லோட்ஸ் நகரில் யூதர்கள் அடைக்கப்பட்ட பகுதியில் வானொலி வைத்திருப்பதே மரணத்துக்குரிய குற்றம். அங்கும் சிலர் இரகசியமாகக் கேட்டு, வாய்வழியாகச் செய்தி பரப்பினர். 1944 யூன் 6ஆம் திகதி நேசப் படைகள் நோர்மண்டிக் கரையில் இறங்கிய செய்தி அப்பகுதியெங்கும் பரவிற்று. பட்டினியால் வாடிய முகங்களில் திடீரெனத் தோன்றிய மகிழ்ச்சியே அவர்களைக் காட்டிக்கொடுத்தது. கைதுகள் தொடங்கின. கேட்டவர்களுள் ஒருவரான ஹாயிம் விதாவ்ஸ்கி, சித்திரவதையிற் பிறரின் பெயர்களைச் சொல்லிவிடுவேனோ என அஞ்சி நஞ்சருந்தி இறந்தார். அவர் கேட்ட விடுதலை அந்த மக்களை வந்தடையவில்லை. ஓகஸ்ட் மாதத்தில் அங்கு எஞ்சியிருந்தோரிற் பெரும்பாலோர் ஓஷ்விற்ஸ் முகாமுக்கு ஏற்றப்பட்டனர்.

ஜேர்மனியர் கைப்பற்றிய நெதர்லாந்தில் 1943 மே மாதத்தில் வானொலிப் பெட்டிகளை ஒப்படைக்குமாறு கட்டளை பிறந்தது. ஆம்ஸ்டர்டாமில் ஒரு வியாபார நிலையத்தின் பின்கட்டில் ஒளிந்திருந்த எட்டுப் பேரும் பெரிய பெட்டியை இழந்தனர். உதவியவர்கள் சிறிய பெட்டியொன்றைக் கொண்டுவந்து கொடுத்தனர். 1944 மார்ச் 28ஆம் திகதி, லண்டனிலிருந்து ஒலித்த நாடுகடந்த டச்சு அரசின் 'றேடியோ ஒறாஞ்சே'யில் அமைச்சர் பொல்கெஸ்டைன் பேசினார். போர்க்காலத்திற் சாதாரண மக்கள் எழுதிய நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் பாதுகாத்து வைக்குமாறு கேட்டார். ஒளிந்திருந்தோரில் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி அதைக் கேட்டாள். தன் நாட்குறிப்பை நூலாக்கும் எண்ணத்துடன் திருத்தி எழுதத் தொடங்கினாள். ஆன் பிராங்க் என்னும் அச்சிறுமி அடுத்த ஆண்டு முகாமில் இறந்தாள். நாட்குறிப்பு எஞ்சியது. நாடிழந்த ஓர் அமைச்சரின் சொல், பூட்டிய வீட்டுக்குள் இருந்த ஒரு பிள்ளையின் கையிற் பேனாவாயிற்று.

எமக்குரிய கடன்

அதே போர்க்காலத்தில், 1941 மே மாதத்தில், பி.பி.சி. தமிழிலும் ஒலிபரப்பத் தொடங்கியது. அதற்குத் 'தமிழோசை' எனப் பெயரிட்டவர் ஈழத்தவரான சோ. சிவபாதசுந்தரம். எம் முற்றங்களில் டைனமோ சுழன்று கொண்டுவந்த குரலும் அந்த வரலாற்றின் ஒரு கிளையே. 2017 ஏப்ரலில் அதன் வானொலி ஒலிபரப்பு நின்றது.

இன்று நாம் கேட்போர் மாத்திரமல்லர். வெளியிலிருந்து பேசுவோரும் நாமே. எம் பத்திரிகைகளும் வானொலிகளும் தொலைபேசிகளும் நாள்தோறும் ஊருக்குள் சொற்களை அனுப்புகின்றன. ஆதலால் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டியவர்களாய் இருக்கிறோம். 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில், வன்னியில் நிலம் சுருங்கிக்கொண்டிருந்தபோது, பின்வாங்கலைப் பின்வாங்கல் என்று எழுத எம்மவர் ஊடகங்கள் பல தயங்கின. நாமும் தயங்கினோம். சனங்களின் மனம் உடைந்துவிடக்கூடாது என்பது எமது நியாயமாய் இருந்தது. மே மாதத்தில் உண்மை வந்தபோது அதை நம்ப முடியாமற் பல குடும்பங்கள் தவித்தன. எம் சொல்லை நம்பியிருந்ததே அவர்கள் செய்த பிழை.

சிங்கப்பூர் வீழ்ந்ததை லண்டன் சொன்ன இரவில், ஹம்பேர்க்கில் அதைக் கேட்க எவனோ ஒருவன் தன் கழுத்தையே பணயம் வைத்திருந்தான். அவனுக்குப் பொய் சொல்லும் உரிமை பேசியவர்களுக்கு இருக்கவில்லை. ஊரிலிருந்து எம் குரலுக்குக் காதுகொடுப்போரும் விலை கொடுத்தே கேட்கின்றனர். அவர்களுக்கு நாம் அனுப்பும் சொல் கசப்பாக இருப்பினும், உண்மையாக இருக்கட்டும்.